நீலச் சட்டையின் இடது தோள்

தையல்காரம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் முன்பெல்லாம் உயிர். மணி அடிக்கும் முன்பே ஆலயத்துக்குப் போய், பெஞ்சுகளைத் துடைத்து, பாட்டுப் புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். இப்போதும் முதல் ஆளாகத்தான் போகிறாள். ஆனால் ஆண்டவரைப் பார்க்க அல்ல. ஒரு சட்டையைப் பார்க்க.

சட்டை அவள் மகனுடையது. மகன் செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

சின்ன வயதில் சுவர் ஏறி விழுந்தவன் அவன். கழுத்தெலும்பு முறிந்து கோணலாகக் கூடிவிட்டது. இடது தோள் இறங்கியே நின்றது. "வளர வளரச் சரியாயிடும்" என்று டாக்டர் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவனுக்குத் தைக்கிற சட்டைக்கெல்லாம் இடது தோளை இறக்கித் தைப்பாள். மிஞ்சுகிற துணியை மட்டும் வெட்ட மாட்டாள். மடித்து உள்ளே விட்டுவிடுவாள். தோள் நிமிர்கிற அன்றைக்குத் தையலைப் பிரித்தால் போதுமே! பையனுக்கு மீசை முளைத்தது, வேலையும் கிடைத்தது. தோள் நிமிரவில்லை. அவளும் மடிப்பு விடுவதை நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு காய்ச்சல் வந்து, கண் மூடித் திறப்பதற்குள் அவனைக் கொண்டுபோய்விட்டது.

போன மழையில் ஆற்றோரத்து வீடுகள் மூழ்கின. போதகர் பிரசங்கத்தை நடுவில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வேண்டாததைக் கொண்டுவந்து கொட்டாதீங்க. அதுக்குப் பேரு கொடுக்கிறது இல்ல, வீட்டைக் கூட்டுறது. விட மனசு வராத ஒண்ணைக் கொண்டு வாங்க."

அவள் பெட்டியைத் திறந்து அந்த நீலச் சட்டையை எடுத்தாள். அவன் ஆசையாகப் போட்டது. தையல் கடையில் அவளோடு உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா போடுகிற நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணி, ரெண்டு பழைய புடவையக் குடுத்தா ஆண்டவர் என்ன, திருப்பியா அனுப்பப் போறாரு?"

"நீ வாய மூடிக்கிட்டு காஜாவப் போடு."

கொடுத்துவிட்டு வந்தபோது மனசு பஞ்சாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு தலையை உயர்த்திப் பார்த்தால், முன் பெஞ்சில் மகன் உட்கார்ந்திருக்கிறான்! அதே நீலச் சட்டை. அதே முதுகு. அதே இடது தோள், சுமை இறக்க மறந்தவன் போல. பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள்; அவள் உட்கார்ந்தே இருந்தாள். பாட்டு முடிந்து அவன் திரும்பினான். அவன் இல்லை. வெள்ளத்தில் வீடு போய், இந்தப் பக்கம் குடிவந்த பூட்டு ரிப்பேர்காரர்.

அன்றிலிருந்து அவர் எங்கே உட்கார்ந்தாலும் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். ஜெபத்தில் எல்லாரும் கண் மூடும்போது அவள் மட்டும் திறந்திருப்பாள். ஒருமுறை மடங்கிக் கிடந்த காலரை எடுத்துவிடக் கையும் நீட்டிவிட்டாள். அந்த முகம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் மகன் இன்னொரு தடவை செத்தான். ஆனாலும் அடுத்த வாரம் போனாள். காணிக்கைப் பை வந்தால் யாரோ கையைத் தட்டிவிட்டது போல விழித்துக்கொள்வாள்.

ஒரு நாள் காலையில் பூட்டுக்காரர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, கையத் தூக்கினா இந்தப் பக்கம் இழுக்குது. கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க."

"சட்டைக்கு ஒரு கேடும் இல்ல. போட்டுப் போட்டுப் பழகினாச் சரியாயிடும்."

"பழகிட்டேம்மா. அதான் பயமா இருக்கு." அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "தோளத் தொங்கப் போட்டா இழுக்கிறதில்ல. அப்படியே வேலை பாத்துட்டேன். இப்பச் சட்டையக் கழட்டினாலும் தோள் தொங்குது. 'வேற யாரோ மாதிரி நடக்கிறீங்க'ன்னு வீட்டுக்காரி சொல்றா."

நாத்தனாரின் ஊசி நின்றது. தையல்காரம்மாவுக்குப் பயமாகிவிட்டது. கூடவே ஒரு சந்தோஷம், சொல்லவே வெட்கமான சந்தோஷம். தோள் வந்துவிட்டது. நடை வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் சும்மா இருந்தால் மிச்சமும் வந்துவிடாதா? ஒன்றுமே செய்ய வேண்டாம். 'துணி இல்ல, முடியாது' என்று சொன்னால் போதும்.

பூட்டுக்காரர் வலிக்கிற தோளை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். மகனும் ராத்திரியானால் அப்படித்தான் பிடித்துக்கொள்வான்.

"கழட்டுய்யா" என்றாள்.

சட்டை கைக்கு வந்ததும் புரட்டிக்கூடப் பார்க்காமல் பிளேடை எடுத்தாள். "உள்ள துணி விட்டிருக்கு. பிரிச்சா ஏறிடும்."

"பாக்காமலே சொல்றீங்களே?"

"நான் தச்சதுதானே."

"யாருக்கு?"

"தோள் எறங்கின ஒருத்தனுக்கு."

ஆலயத்தில் யாரோ அவள் மகனைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள்; அவருக்குப் புரிந்துவிட்டது. பனியனோடு நின்றவர் ஒரு அடி பின்னால் போனார். "ஐயோ, தெரியாதும்மா. நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு வேற சட்டை இருக்கு."

"உக்காருய்யா. குடுத்துட்டேன்னு நானும் நெனச்சிட்டுத்தான் இருந்தேன். வாரா வாரம் பின்னால வந்து புடிச்சிட்டுல்ல இருந்திருக்கேன்! இன்னைக்குத்தான் குடுக்கிறேன். பேசாம வாங்கிக்க."

சட்டைக் கையைத் தனியாகப் பிரித்தாள். தோள் தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள். பல வருஷ மடிப்பு விரிந்தது. வெயிலும் சோப்பும் தொடாத துணி, கடையில் வாங்கிய அன்றிருந்த கருநீலம். மெஷினில் வைத்து மிதித்தாள். தையல் நேராகத்தான் போனது.

போட்டுப் பார்த்து அவர் இரண்டு கையையும் தூக்கினார். "அப்பாடா!" தோள் இறங்குகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இறங்கவில்லை. அவர் போன பிறகு நாத்தனார் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணி, அழுதுடு." "வேலையப் பாருடி" என்றாள் அவள்.

அடுத்த ஞாயிறு முன் பெஞ்சில் மகன் இல்லை, பூட்டுக்காரர்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெளுத்த நீலத்தில் இடது தோள் மேல் மட்டும் கருநீலப் பட்டை. பக்கத்தில் உட்கார்ந்து யாரோ கை போட்டிருப்பது போல. அந்தப் பக்கத்து இடம் காலி.

பிந்தி வந்த பெரியவர் ஒருவர் அங்கே உட்காரக் குனிந்தார். 'அங்க ஆளு இருக்கு' என்று தையல்காரம்மா வாயெடுத்தாள். விழுங்கிக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தை அவரிடம் நீட்டினாள்.

பெரியவர் உட்கார்ந்தார். அந்தக் கருநீலக் கை மட்டும் பூட்டுக்காரர் தோளில் அப்படியே இருந்தது.