பூவரச மரத்தடி வைரவர்

சுன்னாகத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பெரிய பூவரச மரம் நிற்கிறது. வேகம் அளக்கும் கருவியோடு போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் அதன் பின்னால் ஒளிந்து நிற்பார். ஒருமுறை அவரிடம் அகப்பட்டதிலிருந்து, அவர் நின்றாலும் நிற்காவிட்டாலும் அந்த இடத்தில் என் மோட்டார் சைக்கிள் ஊர்ந்துதான் போகும்.

கனடாவிலிருந்து வந்த மச்சாளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போன அன்றும் வேகத்தைக் குறைத்தேன். அன்று மரத்தடியில் யாருமில்லை.

"உதிலை என்ன கோயில் கிடக்கு?" என்று மச்சாள் கேட்டாள். கோயிலைக் கண்டால் மட்டுமே எங்கள் ஆட்கள் மெதுவாகப் போவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஒளிந்து நிற்க அந்தப் பொலிஸ்காரருக்கு வெட்கமில்லை. அகப்பட்டதைச் சொல்ல எனக்கு வெட்கம்.

"வைரவர். பொல்லாதவர். வேகமாப் போறவையை விடமாட்டார்."

மச்சாள் நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டாள். மறுநாள் தானே போய் மரத்தடியில் செவ்வரத்தம்பூ வைத்தாள். பூவைக் கண்டு யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். அடுத்த கிழமை யாரோ சூலமும் நட்டுவிட்டார்கள்.

பொலிஸ்காரர் இப்போதும் அங்கேதான் ஒளிகிறார். ஆனால் அவர் நிற்கிறாரா என்று தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. சப்பாத்தை ரோட்டோரம் கழற்றி வைத்துவிட்டுத்தான் மரத்தடிக்குப் போகிறார்.