நடுங்கியது கையா, வண்டியா

எங்கள் மருத்துவ நிலையத்து ஜீப்பை ஓட்டுபவருக்கு நேர்கோடு என்று பெயர் வைத்தவர்கள் பேக்கரிக்காரர்கள். இருபது வருடம் அவர்களுடைய வண்டியை ஓட்டினார். ஒரு நாள்கூட ஒரு கேக்கின் மூலை நசுங்கியதில்லையாம். பேக்கரியை மூடியதும் எங்களிடம் வந்து சேர்ந்தார். கேக்குக்குப் பதில் நோயாளிகள். "கேக்காவது வாயைத் திறக்காது, சிஸ்டர். இவங்க ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு யோசனை சொல்றாங்க" என்பார்.

வயது ஐம்பத்தாறு. ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். அதற்கு வேலை தரும் அளவுக்குத் தலையில் ஒன்றும் இல்லை. மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள், பின்னறையில் குடித்தனம். வாயில் இரண்டு குண்டூசியைக் கடித்துக்கொண்டே அந்த அம்மாள் தெளிவாகப் பேசுவார்.

நான் படுக்கையோடு கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பராமரிப்பவள். வாரத்தில் மூன்று நாள் நேர்கோட்டின் பக்கத்து இருக்கைதான் என் இடம். எங்கள் வழி எட்டு கிலோமீட்டர் தார்ச் சாலை, அதன்பின் கல் குவாரிக்குப் போகும் கரடுமுரடான பாதை, நடுவில் ஓர் ஓடை. ஜீப்பின் அடிவயிறு கல்லில் உரசிக்கொண்டே இருந்தது. அதனால் நான்கு மாதத்துக்கு முன் வண்டியை நான்கு அங்குலம் தூக்கினார்கள். உயரமான ஸ்பிரிங், பெரிய டயர். வேலையைச் செய்தது நேர்கோட்டின் மைத்துனன், மனைவியின் தம்பி. சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவன். பார்க்க ஜீப் கம்பீரமாகத்தான் இருந்தது. வயதானவர்கள் ஏறுவதற்கு மட்டும் ஒரு முக்காலி வாங்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு சின்னச் சின்ன மாற்றங்கள் தெரிந்தன. நேராகப் போவதற்கே ஸ்டீயரிங்கைச் சற்று இடது பக்கம் சாய்த்துப் பிடித்தார். வளைவு முடிந்ததும் தானாகத் திரும்பி வர வேண்டிய ஸ்டீயரிங் வரவில்லை. இவர்தான் திருப்பிக் கொண்டுவந்தார். ஒரு நாள் அறுபதில் போகும்போது செங்கல் சூளைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கி ஏறியது. அவ்வளவுதான், வண்டியின் முன்பாதி முழுக்க உதறத் தொடங்கிவிட்டது. ஸ்டீயரிங் அவர் பிடிக்குள் இடமும் வலமும் வெட்டியது. என் மருந்துப் பெட்டி மடியிலிருந்து குதித்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். வேகமுள் நாற்பதுக்கு இறங்கியதும் எல்லாம் அடங்கிவிட்டது.

"மன்னிச்சிடுங்க, சிஸ்டர்" என்றார்.

வண்டி ஆடியதற்கு இவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். பெட்டியில் என்ன உடைந்தது என்று பார்ப்பதில் இருந்துவிட்டேன்.

மைத்துனன் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரங்களைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்ல மாமா, சுத்தமா இருக்கு" என்றான். டயர்களைப் பேலன்ஸ் செய்தான். உதறலை அடக்க ஸ்டீயரிங்கோடு சேர்ந்திருக்கும் டேம்பரை மாற்றிப் பெரிதாக ஒன்று போட்டான். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு அதே பள்ளம், அதே உதறல். மறுபடியும் பட்டறை, மறுபடியும் ஜாக்கி. அப்போது நேர்கோட்டின் கையில் டீ இருந்தது. கப் சாஸரில் லேசாகத் தட்டிச் சத்தம் போட்டது. மைத்துனன் அதைக் கவனித்துவிட்டு, "மாமா, டாக்டர் யாரையாவது பார்த்தீங்களா?" என்று கேட்டான்.

அக்கறையாகத்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வி பட்டறையிலிருந்து எங்கள் நிலையத்து மருந்தாளுநரிடம் போய், அங்கிருந்து மேலாளரின் மேசைக்குப் போய்விட்டது. எங்கள் மேலாளர் நல்ல மனிதர். தும்மினால்கூட அதற்கு ஒரு படிவம் வைத்திருப்பார். மருத்துவப் பரிசோதனை முடியும்வரை நேர்கோடு ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். பரிசோதனையில் தவறினால் நிரந்தரமாகவே தொடக் கூடாது. நேர்கோடு சாவியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மாற்று ஓட்டுநர் வந்தார். ஒரு வாரம் ஓட்டினார். வண்டி ஒரு தடவைகூட உதறவில்லை.

"பார்த்தீங்களா சிஸ்டர், வண்டி நல்லாத்தானே இருக்கு!" என்றார் மேலாளர். எனக்கு எரிச்சலாக இருந்தது, அதுவும் வேறு காரணத்துக்காக. பத்து மணிக்குப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டியவரிடம் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் வேகம் காட்டும் முள்ளை எட்டிப் பார்த்தேன். முப்பத்தைந்து. செங்கல் சூளைப் பள்ளம் வந்தபோதும் முப்பத்தைந்து. தார்ச் சாலை முடியும்வரை அது நாற்பதைத் தொடவேயில்லை. நாற்பதுக்குக் கீழே எங்கள் ஜீப் எப்போது உதறியது?

சனிக்கிழமை காலை நேர்கோட்டின் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் மனைவிக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு டப்பா பட்டனை நிறம்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சிஸ்டர். இவரை எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்றார் மனைவி குண்டூசிகளுக்கு இடையிலிருந்து. "நேத்து பிரிச்சார். அப்புறம் எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டினார். இன்னைக்கு மறுபடியும் பிரிக்கிறார்."

"கையை நீட்டுங்க அண்ணே" என்றேன்.

இரண்டு கையையும் நீட்டினார். விரல்களின்மேல் ஒரு தாளை வைத்தேன். தாளின் ஓரம் லேசாக அதிர்ந்தது. மூக்கைத் தொடச் சொன்னேன், தொட்டார். தண்ணீர் நிறைந்த டம்ளரை அறையின் அந்தக் கோடிவரை கொண்டுபோய்த் திரும்பச் சொன்னேன். தரையில் ஒரு சொட்டு இல்லை. ஒரு வரி எழுதச் சொன்னேன், கையெழுத்து ஒழுங்காக இருந்தது.

"ஊசியில நூல் கோர்ப்பீங்களா?"

"ஒரு வாரமா என் ஊசிக்கெல்லாம் யாரு கோர்க்கிறான்னு நினைச்சீங்க?" என்றார் மனைவி. "எனக்கு வெள்ளெழுத்து. கண்ணாடியைத் தேடுற நேரத்துல இவர் நாலு கோர்த்துடுவார்."

"கொஞ்சம் நடுக்கம் இருக்கு, அண்ணே. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை டீ?"

"அஞ்சு."

மனைவி வாயிலிருந்து குண்டூசிகளை எடுத்தார். "பதினொன்னு."

"அதைக் குறைங்க. ஆனா இந்த நடுக்கம் முள்ளைப் பார்த்து அறுபதுல வந்து நாற்பதுல போகாது. அது வண்டியோட நடுக்கம். அதை ஏன் நீங்க மேலாளர்கிட்ட சொல்லல?"

அவர் ஒரு நீலப் பட்டனை வெள்ளைப் பட்டன்களோடு போட்டார். "மச்சினன் தூக்கிக் கட்டின வண்டி, சிஸ்டர். ரெண்டு தடவை பார்த்துட்டு ஒண்ணும் இல்லன்னுட்டான். அவன் கைவேலை சரின்னா, மிச்சம் இருக்கிறது என் கைதானே?"

"என் தம்பிக்குத் தப்பே வராதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" மனைவி மெஷினை நிறுத்தினார். "பன்னெண்டு வயசுவரைக்கும் சட்டைக்குப் பட்டன் மாத்திப் போட்டுக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனான்!"

ஞாயிற்றுக்கிழமை மேலாளரிடம் சாவி வாங்கினேன். நிற்கிற வண்டியைத்தான் பார்க்கப் போகிறோம், ஓட்டப் போவதில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் சாவி கைக்கு வந்தது. மருத்துவ நிலைய வளாகத்துக்கு நேர்கோடும் மனைவியும் வந்தார்கள், பின்னாலேயே மைத்துனன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். முதல் வேலையாக ஜாக்கியை எடுத்தான்.

"அதை வைப்பா" என்றேன். "நடந்தா இடுப்பு வலிக்குதுன்னு ஒருத்தர் வந்தா அவரைப் படுக்க வச்சே பார்த்துட்டு அனுப்ப முடியுமா?"

அவன் ஜாக்கியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தான், பிறகு வண்டியைப் பார்த்தான். கெட்டிக்காரன்தான். நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பாரம் சக்கரத்துல இருக்கும்போது பார்க்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "இன்ஜின் ஓடட்டும். ஒருத்தர் மேல உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இப்படி அப்படி கொஞ்சமா ஆட்டணும். நான் கீழ போறேன்."

கியரை விடுவித்து, கை பிரேக்கை இழுத்து, நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வைத்தோம். நேர்கோடு வெளியில் நின்றபடியே இன்ஜினைக் கிளப்பிவிட்டு இருக்கையில் ஏறப் போனார்.

"இறங்குங்க!" என்றார் மனைவி. "நீங்க ஆட்டினா உங்க கை நடுங்குதுன்னு திரும்பவும் ஒரு பேப்பர் வரும். நான் ஏறுறேன்."

முக்காலியில் ஏறி, புடவையைச் சரிசெய்துகொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்டீயரிங்கைப் பிடித்தார். "காலால எதை மிதிக்கணும்?"

"எதையும் மிதிக்காதேக்கா!" கீழே படுத்திருந்த மைத்துனன் அலறினான். "காலை இருக்கை மேல தூக்கி வச்சுக்கோ!"

அவர் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு ஆட்டினார். இடம், வலம், இடம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் கீழே எங்கேயோ 'டொக்' என்றது.

"இன்னொரு தடவைக்கா."

டொக்.

பிறகு, "மாமா, இங்க வாங்க. உங்க கையை இதுமேல வைங்க" என்றான்.

நேர்கோடும் கீழே நுழைந்தார். நான் குனிந்து பார்த்தேன். முன் அச்சு பக்கவாட்டில் நகராமல் அதை வண்டியின் சட்டத்தோடு பிணைத்துப் பிடிக்கும் குறுக்குக் கம்பி ஒன்று இருக்கிறது. அதன் ஒரு முனையில் போல்ட் தன் துளைக்குள்ளேயே அசைந்துகொண்டிருந்தது. வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவமாகியிருந்தது. ஜாக்கியில் ஏற்றினால் பாரம் போய்விடும், ஒன்றும் அசையாது. தரையில் நின்றால்தான் அது தன் கூத்தைக் காட்டும்.

மைத்துனன் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புவித்தான். வண்டி உயர்ந்த பிறகும் பழைய கம்பியையே விட்டிருக்கிறான். அதன் நீளம் போதாமல் அது அச்சை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஸ்டீயரிங் கோணலாக நின்றது அதனால்தான். போல்ட்டையும் வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கியிருக்கிறான். தரையில் இறங்கியதும் கம்பி முனையில் இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு போல்ட் துளையைத் தின்னத் தொடங்கிவிட்டது. தூக்கியதில் அச்சின் சாய்வும் மாறி, ஸ்டீயரிங் தானாகத் திரும்புவது நின்றுவிட்டது.

"ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினதும் கொண்டுவாங்க, எல்லாத்தையும் திரும்ப இறுக்கணும்னு ஆபீஸ்ல சொன்னேன்" என்றான். யாரும் கொண்டுவரவில்லை. அதற்குப் படிவம் இல்லை போலிருக்கிறது. "ஆனாலும் என் தப்புதான், மாமா."

நேர்கோடு வண்டிக்கு அடியிலேயே மல்லாந்து கிடந்தார். அந்தப் போல்ட்டின்மேல் வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை. வயிறு குலுங்கியது. அழுகிறாரோ என்று குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை சொல்லு மாப்பிள்ளை. உங்கக்கா காதுல விழல."

"விழுந்துச்சு, விழுந்துச்சு" என்றார் மேலே சம்மணமிட்டிருந்தவர். "என்னை யாராவது இறக்கிவிடுங்க. கால் மரத்துப்போச்சு."

அடுத்த மூன்று நாள் மைத்துனன் பட்டறையில் வேறு வேலை எடுக்கவில்லை. துளை இருந்த இடத்தில் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தான். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கம்பி ஒன்றைப் போட்டு அச்சை நடுவுக்குக் கொண்டுவந்தான். ஆப்புத் தகடுகள் வைத்து அச்சின் சாய்வைச் சரிசெய்தான். எல்லாப் போல்ட்டையும் வண்டி தரையில் நிற்கும்போதுதான் இறுக்கினான். ஒவ்வொன்றையும் இறுக்கியதும் அக்காவுக்குப் போன் செய்து தகவல் சொன்னான் என்று கேள்வி.

வியாழக்கிழமை டாக்டர் நேர்கோட்டைப் பார்த்தார். லேசான நடுக்கம், வயதோடும் டீயோடும் வருவது, ஓட்டத் தடையில்லை, வருடம் ஒரு முறை வந்து காட்ட வேண்டும் என்று எழுதினார். மேலாளர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். "நான் கண்ணால பார்க்கணும்" என்றார். எனக்கு அதில் குறையில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை என் இருக்கையில் மேலாளர் உட்கார்ந்தார். நான் பெட்டியோடு பின்னால். தார்ச் சாலையில் நேர்கோடு அறுபதைத் தொட்டார். செங்கல் சூளை வந்தது. பள்ளத்தைத் தவிர்க்காமல் அதில் நேராகவே இறக்கினார். ஒரு இடி, ஒரு குதி, அதோடு சரி. ஸ்டீயரிங் அசையவில்லை. மேலாளர் சாலையைப் பார்க்கவே இல்லை. அவர் கண் ஓட்டுபவரின் விரல்களிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்தது அகலமான வளைவு. நேர்கோடு வேகத்தைக் குறைத்து அளவாகத் திருப்பினார். வளைவு முடிகிற இடத்தில் இரண்டு உள்ளங்கையையும் மெல்ல விரித்தார். ஸ்டீயரிங் அவருடைய விரல்களுக்கு நடுவே தானாகச் சுழன்று நேராக வந்து நின்றது. ஒரு அங்குலம் தள்ளித்தான் கை இருந்தது. ஆனால் மேலாளருக்கு அது ஒரு மைல்.

"கையை வைங்க!" என்று கத்தினார். "ஐயோ, ஸ்டீயரிங்ல கையை வைங்க!"

"வைக்கலாமா, சார்?" என்றார் நேர்கோடு.