டெஸ்ட் காப்பி

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்க வருகிறவர்கள் இரண்டே வகைதான்: எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வருகிறவர்கள், இனிமேல் தொலைக்கப் போகிறவர்கள். திருப்பூரில் தாராபுரம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், பத்துக்குப் பத்து கடை ஒன்றில், பதினான்கு வருடமாக இந்த இரண்டு வகையினரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். லேப்டாப் 'இடம் இல்லை' என்று சொன்னதும் எந்தப் படத்தை அழிப்பது, யாரை விடுவது என்று தெரியாமல் நீங்களும் ஒருநாள் விழித்திருப்பீர்கள். அந்த உரிமையில்தான் உங்களிடம் இதைச் சொல்கிறேன்.

சாம்பிள் காட்டுங்க

இந்த ஊரில் சாம்பிள் பார்க்காமல் யாரும் எதையும் வாங்க மாட்டார்கள். ஒரு பனியனுக்கே கழுத்து, கை, தையல் என்று மூன்று முறை சாம்பிள் பார்க்கிறவர்கள், பெட்டியின் மேல் அச்சடித்த வேகத்தை நம்புவார்களா? அதனால் என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியைப் பிரித்து, டிரைவை என் லேப்டாப்பில் செருகி, ஒரு பெரிய வீடியோவை அவர்கள் கண் முன்னாலேயே காப்பி செய்து காட்டுவேன். பச்சைக் கோடு ஓடி முடியும். பிறகு அதை அழித்துவிட்டுப் பெட்டியில் போட்டுக் கொடுப்பேன்.

அந்த வீடியோவில் இருப்பது என் மகள் தாரணி. ஆறு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே கடை மேசை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னைப் போலவே வியாபாரம் செய்து காட்டினாள். பழைய கேமராவில் இருபது நிமிடம் எடுத்தேன். அடுத்த வருடம் என் மனைவி அவளை அழைத்துக்கொண்டு காங்கேயத்துக்கு, தன் அப்பாவின் எண்ணெய் மில் வீட்டுக்குப் போய்விட்டாள். தப்பு பெரும்பாலும் என்னுடையதுதான். கடையே கதி என்று கிடந்தேன். வீட்டில் இரண்டு பேர் இருப்பதே எனக்கு மறந்துவிட்டிருந்தது. தாரணி முதலில் லீவுக்கு வந்துகொண்டிருந்தாள். பிறகு போன் மட்டும். ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு அதுவும் இல்லை.

அந்த வீடியோவை ஓட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. ஆனால் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அது என் கண் முன்னால் காப்பி ஆகும். சின்னக் கட்டத்துக்குள் அவள் முகம் தெரியும். காலத்தை ஓட்ட எனக்கு அது போதுமானதாக இருந்தது. வாங்க வந்தவர்கள் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கோட்டைத்தான் பார்ப்பார்கள். முதன்முதலில் இந்த டெஸ்ட்டைப் பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜர் ஒருவர் தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்:

"சாம்பிள் ஓகேங்க. பல்க்குல இதே குவாலிட்டி வருமுங்களா?"

அறுபத்தொன்பது எங்கே?

சாமளாபுரத்திலிருந்து ஒரு தறிக்காரர் வந்தார். டிசைன்களைப் போட்டு வைக்க ஒரு டிபி, அதாவது ஆயிரம் ஜிபி டிரைவ் வேண்டுமென்றார். செருகினேன். திரையில் 931 ஜிபி என்று காட்டியது. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஆயிரம்னு போட்டிருக்குது, அறுவத்தொம்பது எங்கீங்க?" என்றார்.

கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், லேப்டாப் ஆயிரத்து இருபத்து நாலாக எண்ணுகிறது, நீங்கள் வாங்கும்போது இதைக் கணக்கில் வைத்துக்கொண்டு ஒரு அளவு பெரிதாகவே வாங்குங்கள் என்று வேர்க்க விறுவிறுக்க விளக்கினேன். முக்கியமாக, எதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள், இரண்டு காப்பி வையுங்கள் என்று என் வழக்கமான பாட்டையும் பாடினேன். துணி சாயப்பட்டறைக்குப் போய்த் திரும்பி வந்தால் எடை குறையும். அதற்கு இங்கே ப்ராசஸ் லாஸ் என்று பெயர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் எனக்கே ஆறுதல் சொன்னார்:

"விடுங்க தம்பி, ப்ராசஸ் லாஸ் நூத்துக்கு ஏழுதானுங்க. நம்ம சாயப்பட்டறைக்கு இது எவ்வளவோ தேவலாமுங்க."

ஷேடு

துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களிடம் ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசர் பெண் ஒருவர் வந்தார். சுழலும் தட்டு உள்ள சாதா டிஸ்க்கில் இடம் அதிகம், ஆனால் மேசையிலிருந்து விழுந்தால் அதோகதிதான். எஸ்எஸ்டியில் சுழல ஒன்றுமில்லை, வேகமும் அதிகம், விலைதான் கொஞ்சம் கடிக்கும் என்று எல்லாம் சொன்னேன். உம் கொட்டிக்கொண்டே இரண்டு கறுப்பு டிரைவ்களை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போய்விட்டார். ஒன்றில் நீலம் அடிக்கிறது, லேப்டாப்போடு ஷேடு சேராது என்று திருப்பிக் கொடுத்தார். பதினான்கு வருடத்தில் கறுப்பைத் திருப்பிக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான்.

நிறம் பார்க்கிற கண் அல்லவா, டெஸ்ட் ஓடும்போது கோட்டை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்துவிட்டார். மூக்கு அப்படியே உங்களுடையது என்றார். பிறகு கடையில் யாருமே என்னிடம் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்:

"இந்தப் பாப்பா இப்ப என்ன படிக்குதுங்கண்ணா?"

பஸ்ஸில் போகிற டிரைவ்

தீபாவளிக்கு முந்தைய கூட்டத்தில் ஞானராஜ் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிற வேலை. குடும்பம் ஊரில், இவர் மட்டும் அவிநாசிபாளையத்தில் ஒரு ரூமில். டிரைவை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். வாங்குகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான். மாதம் ஒரு தடவை ஊருக்குப் போகிற பையில்தான் கிடக்கும் என்றார். அப்படியானால் எஸ்எஸ்டிதான், கீழே விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்றேன்.

டெஸ்ட் ஓடி முடிந்ததும் பின்னால் நாலு பேர் சத்தம் போட, அவசர அவசரமாகப் பெட்டியில் போட்டு நீட்டினேன். அவர் அதைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு சிரித்தார்:

"எங்க ஊரு ரோட்டுல ஆளே தப்பிச்சு வாரது பெரிசு அண்ணாச்சி, இது தப்பிக்குமான்னு பாப்பம்."

வைத்தியனுக்கு வந்த நோய்

தை மாதம் என் லேப்டாப் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. வாடிக்கையாளர் யாராவது இந்தச் சத்தத்தோடு வந்திருந்தால் திட்டியே அனுப்பியிருப்பேன், உடனே காப்பி எடுக்காமல் என்ன செய்தீர்கள் என்று. நான் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். மூன்றாம் நாள் தாரணியின் வீடியோவோடு டிஸ்க் செத்துப்போனது. கோயம்புத்தூரில் ரெக்கவரி செய்கிறவர் தட்டே கீறிவிட்டது என்று கையை விரித்தார். ஒரு நாளைக்கு நாலு காப்பி எடுத்து நாலையும் அழித்தவன் நான். ஐந்தாவதாக எனக்கென்று ஒன்று எடுத்து வைக்கத் தோன்றவே இல்லை. கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து அழுதேன். என்ன ஆச்சு என்று கேட்க ஆளில்லாததால் சௌகரியமாகவே அழ முடிந்தது.

இரண்டு வாரம் கழித்துப் புது நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். "அப்பா, நான் தாரணி. நான் கடையில யாவாரம் பண்ற வீடியோ இன்னும் இருக்கா? அனுப்ப முடியுமா?" மூன்று வருடத்துக்குப் பிறகு என் மகள் என்னிடம் கேட்ட ஒரே பொருள். "இருக்கு கண்ணு, அனுப்பறேன்" என்று பதில் போட்டுவிட்டேன். இல்லை என்று சொன்னால் அதோடு அவள் போய்விடுவாள் என்ற பயம்தான்.

வாரண்டி நோட்டை எடுத்து ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டேன். உங்கள் டிரைவில் ஒரு குழந்தை வீடியோ தப்பித்தவறி இருக்கிறதா என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள், சிலர் நான் ஏதோ மோசடிக்காரன் என்று போனை வைத்தார்கள். அழித்ததை மீட்கலாம்தான்; ஆனால் அதன் மேலேயே ஊரில் உள்ள அத்தனை டிசைனும் ஏறியிருந்தது. சாமளாபுரத்துத் தறிக்காரர் மட்டும் தேடிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க தம்பி, எங்குளுக்கெல்லாம் ரெண்டு காப்பி வெய்யிங்க, ரெண்டு காப்பி வெய்யிங்கன்னு சொல்லிப்போட்டு, நீங்க வெக்கலீங்களா?"

அவிநாசிபாளையத்து ரூம்

ஞானராஜ் போனிலேயே, "இருக்கு அண்ணாச்சி, வாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் ஷட்டரை இறக்கிவிட்டு ஹெல்மெட் போடக்கூட மறந்து வண்டியை எடுத்தேன்.

ஒற்றை ரூம். ஒரு பாய், ஒரு சின்ன அடுப்பு, அதில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஸ்டூல் மேல் லேப்டாப்பும் நான் விற்ற டிரைவும். தீபாவளிக் கூட்டத்தில் அழிக்க மறந்திருக்கிறேன். அவர் வீடியோவை ஓட்டினார். "ஏனுங்க சார், ஒரு டிபியா ரெண்டு டிபியா?" என்று என் மகள் கேட்டாள். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த ஆறு வயதுக் குரலைக் கேட்டேன். முழுவதும் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்து நின்றேன். ஞானராஜோ பார்க்கவே இல்லை. அரிசி களைந்துகொண்டே அவள் சொல்லப் போவதையெல்லாம் ஒரு வார்த்தை முன்னாலேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்ததும் வெட்கப்பட்டுவிட்டார்:

"அழிக்கத்தான் நெனச்சேன் அண்ணாச்சி, மனசு வரல. தனியா சோறு பொங்கும்போது போட்டு விட்டுருவேன். ரூம்ல ஒரு ஆளு பேசிட்டுக் கெடக்க மாதிரி இருக்கும்லா."

பதில்

அவருடைய டிரைவில் அதை அப்படியே விட்டுவிட்டு, காப்பி மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். அன்று மாலையே தாரணிக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் குறி விழுந்தது. மறுநாள் சனிக்கிழமை முழுவதும் பதில் இல்லை. வருகிறவர்களிடம் விலை தப்புத் தப்பாகச் சொன்னேன். நன்றி என்று ஒரு வார்த்தை வந்தால்கூடப் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடை சாத்துகிற நேரத்தில் வந்தது:

"மூணு தடவை பாத்துட்டேன்ப்பா. பின்னாடி நீங்க சிரிக்கற சத்தம் மட்டுந்தான் கேக்குது, நீங்க ஒரு எடத்துலகூட இல்லையே?"

எத்தனை டிபி வேண்டும் என்று ஊரையெல்லாம் கேட்டே காலத்தை ஓட்டிய நான், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தலைவாரிக்கொண்டு அதே மேசை மேல் ஏறி உட்கார்ந்து, புது டிஸ்க் போட்ட லேப்டாப்பின் கேமராவைப் பார்த்து, "ஏனுங்க சார், ஒரு டிபியா ரெண்டு டிபியா?" என்று ஆரம்பித்து இருபது நிமிடம் வியாபாரம் செய்துவிட்டு, அனுப்புவதற்கு முன் மறக்காமல் இரண்டு காப்பி எடுத்து வைத்தேன்.