சீமைத்துணிக் கோட்டும் கமலை வேட்டியும்

சௌந்தரபாண்டியன் என்று பெயர் வைத்தவர்கள் அவன் வளர்ந்த பிறகு ஒருமுறை பார்த்திருந்தால் மாற்றி வைத்திருப்பார்கள். அவனோ அந்தப் பெயரை முழுசாக நம்பினான். ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடியில் இரண்டு குறுக்கம் புன்செய், பங்காளியோடு சேர்ந்த கிணற்றில் பாதி. அவ்வளவுதான் சொத்து. கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைக்கிற நாளில் இடுப்புத் துணியோடு மண்ணில் கிடப்பான். ஊரை விட்டு நாலு எட்டு வெளியே வைத்தால் மட்டும் மாப்பிள்ளை வேஷம். ஒரு சித்திரையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சந்தைக்குப் போய், வேர்க்குரு வெடித்து, பத்து நாள் வேப்பிலையில் படுத்துக் கிடந்தான். எழுந்ததும், கம்பளியை எல்லாரும் பார்த்தார்களா என்று கேட்டான். பத்தொன்பது வருஷமாக இந்தக் கூத்தோடு பரிபூரணம் குடித்தனம் நடத்தினாள்.

அந்த வருஷம் கிணற்றுக்கே கேடு வந்தது. அந்தப் பங்காளி, பெரியப்பன் மகன் கருத்தையா, கிணறு முழுக்கத் தன்னுடையது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட்டில் பிராது கொடுத்துவிட்டான். பன்னிரண்டு வருஷமாகச் சௌந்தரபாண்டியன் அதில் ஒரு சால் தண்ணீர் இறைத்ததில்லையாம். கோட்டு மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிற ஆளாம், கமலை வடத்தைத் தொட்டே அறியானாம். பங்குனி பதினெட்டு வாய்தா. அன்றைக்கு இவன் போய்ச் சாட்சி சொல்லாவிட்டால் கிணறு போச்சு. கிணறு போனால் இரண்டு குறுக்கமும் வெறும் கரடு.

மனுஷன் என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. என்ன உடுத்துவது என்று யோசித்தான். பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு ராஜபாளையத்தில் அகமது கபீர் ராவுத்தரின் ஜவுளிக் கடைக்குப் போனான். கபீர் நியாயமான வியாபாரி. பங்குனியில் கோர்ட்டுக்கு ஏழு மைல் நடக்கப் போகிறவனுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கைத்தறியில் நெய்த மெல்லிய துணி ஒன்றை எடுத்து உதறிப் போட்டார். பரிபூரணம் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, இதுவே போதும் என்றாள். சௌந்தரபாண்டியன் உள்ளங்கையில் தூக்கி எடை பார்த்துத் திருப்பிப் போட்டான். ஊதினால் பறக்கிற துணியைக் கட்டிக்கொண்டு போனால் முன்சீப் மதிப்பாரா என்று கேட்டான். அவன் கண்ணோ, கடை மூலையில் கிடந்த சீமைத்துணிக் கட்டின் மேல் இருந்தது. பலகை மாதிரி விறைப்பு. விரலால் சுண்டினால் சத்தம் வந்தது.

"அது நூலோட கனம் இல்ல மாப்ளே. கஞ்சியும் களிமண்ணும் ஏத்துன கனம்," என்றார் கபீர். "ரெண்டு தண்ணி நனைச்சு அலசிட்டாவது தைங்க."

நனைப்பதாவது! துணியில் நீல மையில் மில் முத்திரை இருந்தது, யானை படம் போட்டு. நனைத்தால் யானை போய்விடும். முத்திரை அழியாத துணி உடுத்தினால்தான் புதுசு உடுத்தினதாகக் கணக்கு என்பது அந்தப் பக்கத்து ஆம்பிளைகளுக்கு வாய்த்த புத்தி. யானை நடுமுதுகில் வரும்படி கோட்டுத் தைக்கச் சொன்னான். அதிலேயே ஒரு வேட்டியும் கிழித்துக்கொண்டான்.

வாய்தா அன்றைக்குக் காலையில் கோட்டு, வேட்டி, சுரைக்காய் பருமனுக்குத் தலைப்பாகை, பக்கத்து ஊர் பட்டாளத்துக்காரனிடம் இரவல் வாங்கிய பூட்ஸு. நடந்தால் ஓலை மிதிக்கிற சத்தம். பரிபூரணம் ஓலைப்பெட்டியில் ஒரு துண்டு, குடுக்கையில் நீராகாரம், அவனுடைய பழைய கமலை வேட்டி எல்லாம் வைத்துத் தலையில் ஏற்றினாள். கையில் தாழங்குடை. மற்ற வேட்டி வண்ணான் வீட்டில் கிடந்தது. இந்த வேட்டி எதற்கு என்று அவன் கேட்டான். கிடக்கட்டும் என்றாள். குடையைக் கொடுத்தாள். தலைப்பாகை மறைந்துவிடும் என்று வாங்க மறுத்தான்.

மூன்றாம் மைலில் வேர்வை பிடித்தது. நாலாம் மைலில் கஞ்சி இளகியது. கோட்டு ஊறி, அக்குளிலும் கழுத்திலும் வெள்ளைக் கூழாக வழிந்தது. யானை கரைந்து நீலமாக இடுப்புவரை இறங்கியது. ஈக்கள் வந்து மொய்த்தன. பூட்ஸு கடித்து இரண்டு குதிகாலும் உரிந்தது. மடவார் வளாகத்துக் கோயிலை நெருங்கும்போது ஒரு சிவப்புப் பசு பின்னாலேயே வந்து அவன் முதுகை நக்க ஆரம்பித்தது. விரட்டத் தெம்பில்லாமல் புளிய மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

"நடக்க ஏலாதுட்டி. கண்ணு இருட்டுது."

அவள் குடுக்கையை வாயில் சாய்த்தாள். துண்டை நனைத்துத் தலையில் போட்டாள். கோட்டைக் கழற்றிப் பசுவின் முன்னால் எறிந்தாள். பிறகு பழைய வேட்டியை எடுத்து நீட்டினாள்.

அவன் முகம் கோணியது. கமலை ஓட்டுகிறவன், மாடு சரிவில் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்து பாரம் கொடுக்க வேண்டும். அதனால் வேட்டி முதலில் நைவது உட்காருகிற இடத்தில்தான். அந்த இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருந்தன.

"இதக் கட்டிக்கிட்டா? கருத்தையா சிரிப்பான்."

"கெணறு போச்சுன்னா ஒட்டுப் போடவும் துணி இருக்காது. மாடு நக்குறதுக்கா ஏழு மைல் வந்திய? எந்திரிங்க."

கோர்ட்டு டவாலி மூன்றாவது தடவை பேர் சொல்லிக் கூப்பிடும்போது உள்ளே போனார்கள். கருத்தையா ஜரிகைக் கரை வேட்டியில் இருந்தான். கோட்டை எதிர்பார்த்திருந்தவன், வெறும் மேலோடு வந்தவனைப் பார்த்துத் திகைத்தான். கருத்தையாவின் வக்கீல் கமலையைப் பற்றி ஏழெட்டுக் கேள்வி கேட்டார். சௌந்தரபாண்டியன் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் முனகினான். முன்னால் வந்து நிற்கச் சொல்லி முன்சீப் அதட்டினார். அவன் பல்லிபோல நகராமல் நின்றான்.

வாசலில் நின்ற பரிபூரணத்துக்குப் பொறுக்கவில்லை. "அவியளத் திரும்பச் சொல்லுங்க எசமான். பன்னெண்டு வருசம் வடத்துல ஒக்காந்ததுக்கு அங்கதான் ஒட்டுப் போட்டு வச்சிருக்கேன்."

கோர்ட்டே சிரித்தது. திரும்பச் சொன்னார்கள், திரும்பினான். அந்த முன்சீப் கமலை பார்த்த ஊர்க்காரர் போலிருக்கிறது. சிரிக்கவில்லை. உன் கமலையை யார் ஓட்டுவது என்று கருத்தையாவைக் கேட்டார். கூலிக்காரன் என்றான். தினமுமா என்றார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"மறுநாள் யாருடைய முறை?"

கருத்தையா வக்கீலைப் பார்த்தான். வக்கீல் காகிதத்தைப் பார்த்தார். கிணற்றில் பாதி சௌந்தரபாண்டியனுக்கு என்று தீர்ப்பாயிற்று.

அந்த வேட்டியைத் தான்தான் முன்யோசனையாக எடுத்துப் போனதாக அவன் கபீர் கடையில் உட்கார்ந்து அளந்தான். கபீர் பரிபூரணத்தைப் பார்த்தார். அவள் ஓலைப்பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். பசு மிச்சம் வைத்த கோட்டையும் சீமை வேட்டியையும் வீட்டில் தொட்டியில் ஊறப்போட்டிருந்தாள். கஞ்சியும் களிமண்ணும் அடியில் கையளவு படிந்தன. எடுத்துப் பிழிந்தால் கொசுவலை. மோர் வடிகட்டலாம் என்று கிழிக்கப் போனாள். அதற்குள் அவன் வேட்டியைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டு வெயிலில் இறங்கி நின்றான்.

"எம்புட்டு லேசா இருக்கு பாத்தியாட்டி? துணி எடுக்கத் தெரியணும்."

அந்தச் சித்திரை முழுக்க அதைக் கட்டிக்கொண்டுதான் சந்தைக்குப் போனான். உள்ளே கட்டியிருந்த கோவணம் சிவப்பு என்பது ராஜபாளையத்துக்கே தெரிந்தது.