விருந்துக்குப் பிடித்த இறால்

அந்த ஆளுக்கு என் கையால் சோறு போட வேண்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்தார் சொன்னபோது, விஷம் இருந்தால் கொடுங்கள், சேர்த்தே போடுகிறேன் என்றேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இலங்கையில் போர்நிறுத்தம் இருந்த சமயம். அங்கிருந்து மீனவப் பிரதிநிதிகள் நான்கு பேர் எங்கள் ஊரான காரைக்கால்மேட்டுக்குப் பேச வந்திருந்தார்கள். எங்கள் விசைப்படகுகள் அவர்கள் கடலுக்குள் போய் வலைகளை அறுத்துவிடுகின்றன என்பது அவர்கள் புகார். வந்தவர்களில் தலைவர் யார் தெரியுமா? என் வீட்டுக்காரர் ஓட்டிப்போன படகைச் சுற்றி வளைத்து, ஆட்களோடு நேவியிடம் ஒப்படைத்தார்களே, அந்த ஊர்ச் சங்கத்தின் தலைவர். என் வீட்டுக்காரர் அப்போது யாழ்ப்பாணத்தில் சிறையில் இருந்தார். இவர் மனசு வைத்து, வழக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றார்கள். அதற்காகத்தான் கரண்டியைப் பிடித்தேன்.

"வயிறு நெறஞ்சா மனசு எளகிடும்க்கா. எறால் நான் கொண்டாரேன்," என்று என் தம்பி முன்கூட்டியே கடலுக்குப் போனான். விருந்தன்று காலை ஒரு கூடை இறாலோடு வந்தான். ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். எனக்கே வாய் ஊறியது. தொக்கு வைத்தேன். வஞ்சிரமும் வறுத்தேன்.

சமுதாயக் கூடத்தில் இலை போட்டோம். அந்த ஆளின் முகத்தைப் பார்க்காமலே பரிமாறினேன். பார்த்தால் ஏதாவது சொல்லித் தொலைப்பேன். தொக்கில் ஒரு வாய் எடுத்தவர் கையை நிறுத்தினார்.

"நல்ல இறால். எங்க பிடிச்சது?"

வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா என் தம்பி! "ஒங்களுக்காவவே போயி புடிச்சாந்ததுங்க. நம்ம பக்கத்துல இந்த சைசு ஏது? அந்தாண்ட ஒங்க கரையோரம் போயில்ல இழுத்தோம்," என்றான் முட்டாப்பயல். அதையும் பெருமையாகச் சொன்னான்.

போச்சு, எல்லாம் போச்சு.

அவர் கோபப்பட்டு எழுந்திருக்கவில்லை. இலையைத் தட்டிக் காட்டினார். "இன்னும் போடுங்கோ தங்கச்சி. எங்கட சாமான்தானே, தாராளமாப் போடுங்கோ."

போட்டேன். "சாமான் ஒங்களுதாவே இருக்கட்டுங்க. வூட்டுக்காரரு என்னோடவரு. அவர வுடச் சொல்லுங்க. ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கிட்டு நிக்கிறேன்," என்றேன். கெஞ்ச வேண்டிய இடம்தான். எனக்கு எங்கே கெஞ்ச வந்தது? சண்டைக்கு இழுப்பது போலத்தான் இருந்திருக்கும்.

அவர் தம்பியைப் பார்த்தார். "இவர் உங்களுக்கு ஆர்?"

"கூடப் பொறந்தவன்."

"இவரும் ஒருநாள் எங்களிட்ட பிடிபடுவார். அப்ப ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கேளுங்கோ."

"எழுந்திரிங்க," என்றேன்.

இலையில் உட்கார்ந்தவரை எழுந்திரு என்பது செருப்பால் அடிப்பதற்குச் சமம். தெரிந்தேதான் சொன்னேன். பஞ்சாயத்தார் பதறிப்போய் என்னை அதட்டினார்கள்.

"சாப்பிட்டிட்டு எழும்புறன். உங்கட விசைப் போட்டுகள் வரத் தொடங்கினாப் பிறகு என்ட வீட்டில இறால் சமைக்கேல்ல," என்றார். ஒன்று விடாமல் தின்றுவிட்டுத்தான் எழுந்தார்.

பேச்சுவார்த்தை ஒன்றுக்கும் ஆகாமல் முடிந்தது. வேன் ஏறும்போது அவர் கும்பிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இன்று வந்தாலும் திருப்பிக்கொள்வேன்.

என் வீட்டுக்காரரை மாசியில் விட்டார்கள். கடலுக்குப் போன தம்பி இன்னும் திரும்பாததால் நான்தான் அழைத்து வரப் போனேன். காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் எலும்பும் தோலுமாக வந்து இறங்கினார். பிள்ளைகளைக் கூடக் கேட்கவில்லை. "ஒன் தம்பிய அங்க பாத்தேன்," என்றார். "நான் இருந்த ரூமுலதான் போட்டுருக்கானுங்க."