மூன்று வீட்டு அப்பா

என்னோடு வேலை பார்த்த பெண் நாவல் எழுதுகிறவள் என்பது எனக்குக் குப்பைக்கூடையிலிருந்துதான் தெரியவந்தது.

நோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் நிறுவனம் எங்களுடையது. ஒரே நோயாளிக்கு அவள் காலை ஆறிலிருந்து இரண்டு வரை, நான் இரண்டிலிருந்து பத்து வரை. இரண்டு பேரும் சேர்ந்து நிற்பது பத்தே நிமிஷம். அதற்குள் எந்த மாத்திரை கொடுத்தாயிற்று, எந்தப் பக்கம் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறது, வயிறு போயிற்றா, முதுகில் எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று அவள் சொல்ல வேண்டும், நான் கேட்டுக்கொள்ள வேண்டும். சொந்தக் கதைக்கு நேரம் கிடையாது.

குப்பையைக் கட்டிப் போடுவது என் பொறுப்பு. மாத்திரைப் பட்டைகள் இருந்தன, அவை வந்த அட்டைப்பெட்டிகள் மட்டும் இல்லை. ஒரு மாதம் கவனித்தேன், ஒரு பெட்டிகூட இல்லை. காலிப் பெட்டியை வாங்கி அதில் போலி மருந்தைப் போட்டு விற்கிற கூட்டம் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, பெட்டியெல்லாம் எங்க போகுது?"

அவள் முழித்தாள். பிறகு பையைத் திறந்து கட்டாகக் கட்டிய அட்டைகளை எடுத்து நீட்டினாள். பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்கி, அச்சில்லாத உள்பக்கம் முழுக்கப் பென்சிலால் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருந்தாள்.

"கதைக்கா. நான் எழுதுறது."

"எதுக்கு?"

"எழுதாட்டி தலை வலிக்குது."

"அதுக்குத்தான் மாத்திரை இருக்கே."

"மாத்திரைய நோயாளிக்குக் குடுத்துட்டோமே. அட்டைதானே மிச்சம்?"

அன்றிலிருந்து அவளுக்கு அட்டைப்பெட்டி என்று பெயர் வைத்தேன். நிறுவனத்தில் சின்னவர்களெல்லாம் அட்டைப்பெட்டி அக்கா என்றே கூப்பிடுவார்கள். திரும்பித்தான் பார்ப்பாள்.

அவள் வாழ்க்கையை நான் பத்துப் பத்து நிமிஷமாகத்தான் தெரிந்துகொண்டேன். பத்தொன்பது வயதில் ஆறு மாடித் துணிக்கடையில் லிஃப்ட் இயக்கும் வேலை. உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு குட்டி மின்விசிறி. ஆள் ஏறாத நேரத்தில் மடியில் நோட்டை வைத்து முதல் நாவலை எழுதினாள். "அத்தியாயமெல்லாம் குட்டி குட்டியா இருக்கும்க்கா. கட்டடம் ஆறு மாடிதானே" என்பாள். அங்கிருந்து ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. பேருந்து நேர அட்டவணை, தேர்வு முடிவுப் பட்டியல், மருந்துக் குறிப்பு என்று நாள் முழுக்கப் படிக்க வேண்டும். ஓர் எண் மாறினால் யாரோ ஒருவர் பேருந்தைத் தவறவிடுவார். அந்த அச்சகக்காரர்தான் அவளுடைய இரண்டாவது நாவலை மிச்சமிருந்த தாளில் அடித்துக் கொடுத்தார். தாள் போதாமல் பாதிப் புத்தகம் வெள்ளை, பாதிப் புத்தகம் மஞ்சள்.

பிறகு மாமியார் படுத்துவிட்டார். ஏழு வருஷம் அச்சகத்துக்கும் வீட்டுக்கும் ஓடினாள். அந்த ஏழு வருஷத்தில் ஒரு வரி எழுதவில்லை. மாமியார் போன பிறகு, ஏற்கெனவே கற்றுக்கொண்ட வேலைதானே என்று மூன்று மாதப் பயிற்சி முடித்து எங்களிடம் வந்து சேர்ந்தாள். மூன்றாவது நாவலும் நான்காவது நாவலும் எங்கள் நோயாளிகளின் மாத்திரைப் பெட்டிகளில் எழுதப்பட்டவை.

எழுத்தாளர்கள் என்றால் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் சிரித்தாள். அவளுக்குத் தெரிந்த எழுத்தாளர்களில் ஒருவர் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவர், ஒருத்தி நீதிமன்றத்தில் தட்டச்சு செய்கிறவள், ஒருவர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "எழுத்தாளர் கூட்டத்துல நின்னு ஒரு சத்தம் போட்டா, வீட்டுக்கு வேண்டிய எல்லா வேலையையும் முடிச்சிடலாம்க்கா. கதை கேக்குறதுக்குத்தான் ஆள் கிடைக்காது."

புத்தகத்தின் பின்னட்டையில் எழுதியவரைப் பற்றி நாலு வரி போடுவார்கள். மற்றவர்கள் படிப்பு, பரிசு, போய்வந்த ஊர் எல்லாம் போட்டிருப்பார்கள். இவள் புத்தகத்தில் ஒரே வரி: 'இவர் வேலைக்குப் போகிறார்.'

எழுதுகிறவள் ஆயிற்றே, குறிப்பேட்டில் நீட்டி முழக்குவாள் என்று பயந்தேன். எங்கள் எல்லாருடையதையும்விட அவள் குறிப்புதான் சுருக்கம். 'இடது குதிகால் லேசாகச் சிவப்பு. தலையணை வைத்தேன். நாலு மணிக்குப் பாருங்கள்.' நாலு மணிக்குப் பார்த்தால் போதும், வேறெதுவும் தேட வேண்டியிருக்காது.

நான் இடுப்பெலும்பு முறிந்து ஆறு வாரம் படுத்தபோது, என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார்கள், அந்த வயதில் எனக்கு வேறு வீடு கிடைக்காது என்றுதான் கவலை. ஆறு வாரமும் காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை அவளே இரண்டு வேலையையும் பார்த்திருக்கிறாள். நான் திரும்பிப் போனபோது என் செருப்பு வைக்கிற இடத்தில்கூட யாரும் எதுவும் வைத்திருக்கவில்லை. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். "பேசாம வாக்கரை முன்னால வெச்சு நடங்க. பேசிக்கிட்டே நடந்துதான் விழுந்தீங்க" என்றாள். அவளிடம் சொல்லாமல் போன நன்றியை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்.

நான்காவது புத்தகத்தில் பதிப்பாளர் அவளைக் கேட்காமலேயே பின்னட்டையில் அவள் புகைப்படத்தைப் போட்டுவிட்டார். அதில்தான் வினை தொடங்கியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன ஒரு பெரியவரை நாங்கள் இருவரும்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டோம். அவருடைய ஒரே மகள் பல் டாக்டர். அந்த மகள் ஏதோ கடையில் புகைப்படத்தைப் பார்த்து, அட, நம் வீட்டுக்கு வந்தவராயிற்றே என்று புத்தகத்தை வாங்கிப் படித்திருக்கிறார். மறுநாள் எங்கள் அலுவலகத்துக்குப் புகார்க் கடிதம் வந்துவிட்டது. 'என் அப்பாவைக் கதையில் எழுதியிருக்கிறார்.'

எங்கள் ஒப்பந்தத்தில் முதல் விதியே, வேலை பார்க்கும் வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது என்பதுதான். தாண்டினால் வேலை போகும். அதோடு முடியாது. காரணம் தெரிந்தால் வேறெந்த நிறுவனமும் எடுக்காது, எந்த வீடும் உள்ளே விடாது. ஐம்பத்துமூன்று வயதில் அவள் மறுபடி லிஃப்ட் இயக்கவா போவாள்? இப்போது லிஃப்டுகளுக்கு ஆளே தேவையில்லை.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "எனக்கு நாவலெல்லாம் படிச்சுப் பழக்கமில்ல. அந்த வீட்டுல நீங்களும்தானே இருந்தீங்க? படிச்சுட்டு, அந்தப் பெரியவரா இல்லையான்னு எழுதிக் குடுங்க. ஒரு வாரம்."

அன்று இரண்டு மணிக்கு அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். முகம் சுண்டிப் போயிற்று. ஆனாலும், "உள்ளதைச் சொல்லுங்கக்கா. எனக்காக மாத்திச் சொல்லாதீங்க" என்றாள். பிறகு நோயாளியை எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

உடம்பில் புண் தேடுகிற மாதிரி, பென்சிலும் கையுமாக மூன்று நாள் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். அதில் ஒரு கிழவர் வருகிறார். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துப் பூந்தொட்டியில் துப்புகிறார். கதவு திறந்தால் "யாரது, யாரது" என்று பத்துத் தடவை கேட்கிறார். பார்த்துக்கொள்ள வந்தவளைச் செத்துப்போன தங்கை பெயரைச் சொல்லித் திட்டுகிறார். மகள் வரும் சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடக்கிறார். அவள் போனதும் கண்ணைத் திறந்து, "போயிட்டாளா? பாவம், அவளுக்கு ஆயிரம் வேலை" என்கிறார்.

இவரை எனக்குத் தெரியும் என்று முதலில் பகீரென்றது. எண்ணிப் பார்த்தேன். இவரை மாதிரி பதினோரு பேரை எனக்குத் தெரியும்.

ஒரு பக்கத்தில் அவரை மல்லாக்கப் படுக்க வைத்தபடியே சோறு ஊட்டுகிறாள் கதையில் வரும் பெண். புரையேறிச் செத்துப்போவார்! ஓரத்தில் கோடு போட்டு 'தவறு' என்று எழுதினேன். அவளிடம் கேட்டதற்கு, "அந்தப் பொண்ணு புதுசுக்கா, கத்துக்குவா" என்றாள், ஏதோ பயிற்சிக்கு வந்தவளைச் சொல்கிற மாதிரி.

அதற்குள் புத்தகச் செய்தி பரவிவிட்டது. முன்பு நாங்கள் பார்த்துக்கொண்ட, லாரி வைத்திருந்த ஒரு பெரியவரின் மகன்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார்கள். "எங்க அப்பாவப் பத்தி புஸ்தகம் வந்திருக்காமே! அச்சு அசல் அவரேதான். பத்துப் பிரதி வேணும்." மறுநாள் இன்னொரு வீட்டம்மா. "பூந்தொட்டி எங்க வீட்டுத் தொட்டி. அந்தச் செடி பட்டுப்போனது ஏன்னு இப்பத்தான் புரியுது."

மேலாளர் தலையைப் பிய்த்துக்கொண்டார். நான் அறிக்கையில் நீட்டவில்லை. 'பதினோரு பேருக்குப் பொருந்துகிறது. ஒருவரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாயாலும் சொன்னேன். "சார், ஒரு மனுஷன் மூணு வீட்டுல சாக முடியாது."

பல் டாக்டரை வரச்சொன்னார்கள். அன்று காலை நோயாளியிடம் அவளுக்குப் பதில் வேறு ஆளை அனுப்பியிருந்தார்கள். மேலாளர் அறையில் நாங்கள் நான்கு பேர். அட்டைப்பெட்டி சுவரோரம் கைகட்டி நின்றாள். மேலாளர் அறிக்கையைப் படித்துவிட்டு, மூன்று வீட்டுக் கதையையும் சொல்லி, "அதனால டாக்டர், இது கற்பனைன்னு..." என்று முடிக்கப் பார்த்தார்.

டாக்டர் எழுந்திருக்கவில்லை. மூலை மடித்திருந்த ஒரு பக்கத்தைத் திறந்தார்.

"எனக்கு இது ஒண்ணு மட்டும் தெரியணும். தினம் ஒன்றரை மணிக்கு, கிளினிக் இடைவேளைல ஓடி வருவேன். வரும்போதெல்லாம் அப்பா தூங்கிட்டிருப்பார். ஒன்றரை வருஷம், ஒரு நாள்கூடப் பேசல." பக்கத்தின் மேல் விரலை வைத்தார். "முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரா? இதுல எழுதியிருக்கிற மாதிரி?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தம்மாவுக்குக் கோபமே இல்லை. அப்பா விழித்திருந்தார் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று வந்திருக்கிறார். அட்டைப்பெட்டி ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் மனம் ஆறிவிடும். ஆனால் அந்த நிமிஷமே இவள் வேலை போகும். இல்லை என்றால் வேலை நிற்கும், அவர் வெறுங்கையோடு போவார். மேலாளர் பேனாவை மூடி மூடித் திறந்தார். கேள்வி என்னிடம் கேட்கப்படவில்லை.

"நிஜமாவே தூங்கினார், டாக்டர்" என்றாள் அவள். "ஒரு மணிக்குக் குடுக்குற மாத்திரை அப்படி. தூங்குற மாதிரி நடிக்கிறவங்க மூச்சை எண்ணி விடுவாங்க, விரலை இறுக்கி வெச்சிருப்பாங்க. உங்க அப்பா விரல் தளர்ந்து கிடக்கும். கண்ணை மூடிக்கிட்டது என் மாமியார். நான் அச்சகத்துலேர்ந்து மத்தியானம் ஓடி வருவேன். நான் சீக்கிரம் திரும்பிப் போகட்டும்னு தூங்குற மாதிரி கிடப்பாங்களாம். அவங்க போனப்புறம் பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்."

டாக்டர் புத்தகத்தை மூடினார். மேலாளருக்குப் பாரம் இறங்கிய முகம். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க டாக்டர்" என்றாள் அட்டைப்பெட்டி. "புஸ்தகத்துல இல்லாதது ஒண்ணு இருக்கு. பெத்த பொண்ணுகிட்ட சொல்லலாம், தப்பில்ல. உங்க அப்பா குளிக்கச் சண்டை போடுவார், சாப்பிடச் சண்டை போடுவார். பல் தேய்க்க மட்டும் நான் கேக்குறதுக்கு முன்னாடியே வாயைத் திறந்துடுவார். இருந்ததே எட்டுப் பல்லு, அதுக்கு ரெண்டு தடவை தேய்க்கணும். காலைல ஒண்ணு, நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு. தேய்ச்சு முடிச்சதும் மாத்திரை. கண்ணு சொக்கும்போது, 'நான் வாயைத் திறந்து வெச்சுக்கிறேன், எம்பொண்ணு வந்தா பாத்துக்கட்டும், எழுப்ப வேணாம்'னு சொல்லிட்டுத்தான் தூங்குவார். தினமும்."

அந்தப் பெரியவர் வாயைத் திறந்தபடியே தூங்குவார், எனக்கும் தெரியும். உதடு காயாமல் இருக்க ஈரத்துணியால் ஒற்றியிருக்கிறேன். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை. பல் தேய்ப்பது காலை ஷிஃப்ட்.

டாக்டர் கைக்குட்டையை எடுத்தவர் அழுகையும் சிரிப்புமாகத் திணறினார். "பார்த்தேனே. ஒவ்வொரு தடவையும் டார்ச் அடிச்சுப் பார்த்தேனே. எட்டும் சுத்தமா இருக்கும். உங்களைத்தான் மனசுக்குள்ள பாராட்டினேன்."

"நான் பிரஷ் பிடிச்சேன். அவ்வளவுதான்."

டாக்டர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். பிறகு கேட்டார். "இதை ஏன் எழுதல? இதுல இருக்கிற எல்லாத்தையும்விட இதுதானே நல்லா இருக்கு?"

"ஆமா, நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள். "ஆனா அது உங்க வீட்டுது, டாக்டர். நான் எடுக்கக் கூடாது."

டாக்டர் மேஜைமேல் இருந்த புகார்க் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். போகும்போது அட்டைப்பெட்டியின் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றிங்க" என்றார். மகளாக ஒன்றரை வருஷம் கேட்க முடியாததை ஒரே நிமிஷத்தில் கேட்டுவிட்ட முகம் அது.

கதவு மூடியதும் மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏம்மா, இவ்வளவு நல்லா எழுதுறீங்களாம். நம்ம நிறுவனத்தைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன், அச்சடிச்சு எல்லா வீட்டுக்கும் குடுக்கலாம்."

"வேலை பாக்குற இடத்து விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது சார், ஒப்பந்தத்துல இருக்கு" என்றாள் அவள். அப்போது மணி ஒன்றேமுக்கால். இரண்டு மணிக்கு நான் நோயாளியிடம் இருக்க வேண்டும் என்று என் வாக்கரை எடுத்து முன்னால் வைத்தாள்.