டீக்கடையில் கொடுத்த நற்சான்று

காலையில் திருவொற்றியூர் டீக்கடையில் நின்றிருந்தேன். போலீஸ்காரர் ஒருவர் வந்து, எங்கள் தெரு செல்வத்தைப் பற்றிக் கேட்டார். "ஆள் எப்படி?"

"தங்கமான மன்சன் சார்," என்றார் கடைக்காரர் முருகேசன். நாங்களும் தலையாட்டினோம். போலீஸ்காரர் குறித்துக்கொண்டார்.

அவர் வண்டியைக் கிளப்பும்போதுதான், "எதுக்கு சார்?" என்று கேட்டேன்.

"ரிடையரான செக்யூரிட்டி ஒருத்தர்கிட்ட துப்பாக்கி வாங்கப் போறாராம். லைசென்ஸ் விசாரணை." போய்விட்டார்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த முருகேசனின் கை அப்படியே நின்றது. "பாஸ்போர்ட்டுக்குன்னு நெனச்சிகினேன்பா. யாரப் பத்திக் கேட்டாலும் அதானே சொல்லுவோம்."

செல்வத்தின் மனைவி அலறுவது வாரத்தில் பாதி நாள் தெருவுக்கே கேட்கும்.

சற்று நேரத்தில் அந்த அம்மாவே பால் வாங்க வந்தார். கன்னம் வீங்கியிருந்தது.

ஸ்டேஷனுக்குப் போய் மாற்றிச் சொல்ல என்னோடு யார் வருகிறீர்கள்? முருகேசனால் கடையை விட்டு வர முடியாதாம்.